கோயில் தெரு அலைக்கு ஒன்பதடிப் பலகை

ஈஸ்டர் கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, சங்குமுனைக் கோயில் தெருவில் அலை அடித்தது. கடலில் அல்ல, தெருவில், தரையே எழும்பி. கோயில் படிக்கட்டுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்குப் புடைத்து, தளக்கல்லும் மண்ணும் சாக்கடை மூடியும் போட்டது போட்டபடி இருக்க, இரண்டு பக்கத்து வீடுகளையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி மெதுவாகக் கீழே வைத்து, தபால் பெட்டியைத் தூக்கி, டீக்கடையைத் தூக்கி, டீக்கடையில் கடன் சொல்லிக்கொண்டிருந்த ஆளையும் சேர்த்துத் தூக்கி, கடைசியில் பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் ஒன்றும் நடக்காததுபோல அடங்கிப் போனது. ஒரு சுவரில் ஒரு கீறல் கிடையாது. என் அடுப்பில் இருந்த ரசம் மட்டும் கொட்டியது. அதைத் துடைத்தவள் நான், ஆகவே அது கனவா நினைவா என்று என்னிடம் யாரும் விசாரிக்க வேண்டாம்.

முதல் நாள் ஊரே முழங்காலில் விழுந்தது. இரண்டாம் நாளும் அதே நாலு மணிக்கு அலை வந்தபோது, பங்குச்சாமி வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு இதற்கு முன்னால் இப்படி ஒன்று எழுதப்படவில்லை என்றார். மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் மூன்றே முக்காலுக்குமேல் தம்ளரில் முக்கால்தான் ஊற்றினார். நாலாம் நாள் முடிவெட்டுகிற சூசை, நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளப் பழகினார். அதற்கடுத்த வாரத்தில் ஆடுகள் தாண்டக் கற்றுக்கொண்டன, கோழிகள் கற்றுக்கொள்ளவில்லை, அவை கற்றுக்கொள்கிற ஜாதியும் இல்லை. பஞ்சாயத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டினார்கள். உபதேசியார் மதலேன் ஐந்து நிமிடம் முன்னதாகக் கோபுரத்தில் ஏறி எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. பெட்டிகளோடு வந்த அரசாங்க ஆள் ஒருவர் தெருவில் நின்று ஏறி இறங்கிவிட்டு, கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை ஏறி இறங்கினார். மேலத்தெருக்காரர்களுக்கு மட்டும் வயிறு எரிந்தது. வாரத்தில் மூன்று நாளாவது அலையைத் தங்கள் தெருவுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று மனு எழுதி ஆயர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். பதில் இன்னும் வரவில்லை.

இளவட்டங்கள் சும்மா இருக்குமா? பழைய கதவு, அரிவாள்மணைப் பலகை, உடைந்த வள்ளத்தின் அடிக்கட்டை, எது கிடைத்ததோ அதில் ஏறி நின்று அலையோடு போனார்கள். அலை வந்தால் பலகை அதோடு போகும். ஏன் போகிறது என்று கேட்கிறவன் கேட்டுக்கொண்டே கயிற்றைப் பிடித்து நிற்கட்டும். ஆனால் இரண்டு மூக்கும் ஒரு முன்பல்லும் உடைந்தபிறகு, கோயில் தெருவில் மெத்தைப் பலகை தவிர வேறு பலகை கூடாது என்று பங்குப்பேரவை தீர்மானம் போட்டது. கடற்கரையில் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த லியோன்ஸின் கொட்டகையில் அந்தப் பலகைகள் இருந்தன. உள்ளே பஞ்சுபோல நுரை, மேலே வழுக்காத தோல், விழுந்தாலும் வலிக்காது.

இப்படி ஊர் முழுக்க ஏறி இறங்கப் பழகிக்கொண்டபோது, பழகாதவர் ஒரே ஒருத்தர். அவர் என் வீட்டுக்காரர் கஸ்மீர்.

முப்பத்தோரு வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். புயலில் கப்பல் மரம்போலச் சாய்ந்தபோதும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிட்டவர் என்று அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் தினமும் மூன்றரை மணிக்கே கட்டிலில் படுத்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து, கண்ணை இறுக மூடி, வாயில் எலுமிச்சைத் தோலை வைத்துக்கொள்வார். அலை போனதும் வாளியைத் தேடுவார். மூன்று வாரமாக வாசல்படி தாண்டவில்லை. நாலாவது வாரம் புதன்கிழமை, உடன்குடியில் இருந்து வீடு வாங்க ஒருத்தர் வருகிறார், சனிக்கிழமை ஐந்து மணிக்கு வீட்டைப் பேசி முடித்துவிடலாம், நாம் கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விடலாம் என்றார்.

மகன் வீடு பதினோராவது மாடி. நான் ஒன்பது நாள் இருந்து பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கதவு ஒன்பது நாளில் ஒரு தடவை திறந்தது, அதுவும் குப்பை வைக்க.

"ஊரே நிக்குது. நீங்க ஒருத்தருக்காக ஊரை விட்டுப் போகணுமாக்கும்?" என்றேன்.

"கடல் ஆடட்டும் எமரி, ஆடுறது அதோட வேலை. கரை ஆடக்கூடாது. முப்பத்தோரு வருஷம் நான் திரும்பித் திரும்பி வந்தது எதுக்குன்னு நெனைக்க? ஆடாத எடம்னு ஒண்ணு இருக்கேன்னுதான். இப்ப அதுவும் போச்சு."

அவர் சொன்னது நியாயம். நியாயம் அவர் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

"கயித்தைப் பிடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. சின்னப்பிள்ளைக நிக்கிது."

"கயித்தைப் பிடிக்காம நீ நில்லு பாப்போம். கோயில்ல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்த அலையில நின்னுக்கிட்டே வா. வீட்டை விக்கல, போ."

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நான் பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே பிடித்துக்கொள்ள அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "சரி. சனிக்கிழமை நாலு மணிக்கு" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, மீன் வாங்கப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிரகாசியைக் கூட்டிக்கொண்டு லியோன்ஸ் கொட்டகைக்குப் போனேன். பிரகாசி இருபது வருஷமாகத் தலைச்சுமையாக மீன் விற்கிறவள். பாரம் தூக்குவதில் அவளுக்குத் தெரியாதது கிடையாது, வாயை மூடத்தான் தெரியாது.

சுவரோரம் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. நடுவில் ஒன்று, இளஞ்சிவப்பு, கூர்மூக்கு, ஏழடி இருக்கும், பளபளவென்று இருந்தது. நேரே போய் அதைத் தொட்டேன்.

"அது வேண்டாம் மதினி" என்றான் லியோன்ஸ். நாற்பது வயது, தொப்பை வேறு. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் மீன்கொத்திதான். "அது திரும்புறதுக்கு உள்ளது. ஒங்களுக்கு இப்ப திரும்ப வேண்டாம். மிதந்தாப் போதும். எடை எவ்வளவு?"

"பொம்பளைகிட்ட கேக்குற கேள்வியாடா இது?"

சூரை மீனைப் பார்த்து எடை சொல்கிறவனைப் போல என்னை மேலும் கீழும் பார்த்தான். "எழுவத்தி நாலு."

சரியாகச் சொன்னதால்தான் எனக்கு எரிந்தது.

"யக்கா, போன மாசம் எழுவத்தி ரெண்டுன்னுல்லா சொன்னிய?" என்றாள் பிரகாசி.

"நீ சும்மா இரிடீ."

"புதுசாப் பழகுறவுகளுக்கு நீளம் வேணும், அகலம் வேணும், தடிமன் வேணும். அழகு வேண்டாம். பக்கத்துல நின்னு கையைத் தூக்குங்க. ஒங்க விரல் நுனிக்கு மேல ரெண்டு சாணாவது பலகை நிக்கணும்" என்று சொல்லி, வரிசையின் கடைசியில் இருந்த ஒரு மஞ்சளை இழுத்து நிறுத்தினான். ஒன்பதடி. கதவுக்குக் கை கால் முளைத்தது மாதிரி இருந்தது.

நான் சும்மா வாங்குகிறவள் இல்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைப் பார்ப்பேன். பெருவிரலால் அமுக்கினேன், குழி விழுந்து உடனே எழும்பியது. ஓரத்தில் தோல் உரிந்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். நுரைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் ஒரு பக்கம் கனக்குமாம். இரண்டு பக்கமும் தூக்கிப் பார்த்தேன். வாலில் இருந்த மூன்று துடுப்பும் ரப்பர், வளைத்தால் வளைந்தன. தரையில் போட்டு ஏறி நின்றேன். பலகை என்னைப் பார்த்து முனகவில்லை. என் வீட்டு நாற்காலிகள் முனகும்.

"இதை எடுத்துக்கிடுதேன்" என்றேன். குப்புறப் படுத்து, கையை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே தாவலில் பக்கவாட்டாகக் காலைக் கொண்டுவந்து எழுந்து நிற்க லியோன்ஸ் சொல்லிக்கொடுத்தான். முதல் தடவை பாதியில் முட்டி மடங்கியது. ஆறாவது தடவை நின்றேன். பிரகாசி கை தட்டினாள்.

பலகையைத் தேர்ந்தெடுத்தது சுலபம். தூக்கினதுதான் கதை.

கக்கத்தில் இடுக்கி மறு கையால் மூக்கைப் பிடிக்க வேண்டும் என்றான் லியோன்ஸ். என் கை அந்த அகலத்தைச் சுற்றி மறுபக்கம் எட்டவில்லை. "தள்ளுங்க யக்கா" என்று பிரகாசி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடு கோலித் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு எட்டு வைத்தாள். கடற்காற்று பலகையைப் பிடித்து அவளை வடக்கே திருப்பியது. திட்டிக்கொண்டே திரும்பினாள், தெற்கே திருப்பியது. கடைசியில் ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் அந்த மஞ்சள் நிறம் இருக்கிறதே, அரை மைலுக்குத் தெரியும். சனிக்கிழமைக்கு முன்னால் கஸ்மீர் கண்ணில் படக் கூடாது, ஊர் வாயில் விழவும் கூடாது. லியோன்ஸின் துணிக்கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை உருவி, மூக்கிலிருந்து வால்வரை சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டினேன்.

கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

எங்கள் கரையில், கடல் பக்கமிருந்து வெள்ளைத் துணி சுற்றி நீளமாக ஒன்று தோளில் வந்தால், அது ஒன்றே ஒன்றுதான். வந்தால் யாரென்று சுமக்கிறவர்களிடம் கேட்பது மரியாதை இல்லை. எழுந்து நின்று, தலைத்துண்டை எடுத்துவிட்டு, பேசாமல் தோள் கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் தோளில் இருந்தது பலகை என்பதும் எனக்குத் தெரியுமே. அதனால் அந்த நினைப்பே வரவில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த நாலு ஆட்கள் எழுந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டினார்கள். ஒன்றும் பேசாமல் வந்து எங்களை விலக்கித் தோள் கொடுத்தார்கள். அட, நம் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று எனக்கே ஆச்சரியம். வெயிலில் வேர்த்து ஊற்றியது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். இரண்டு பெண்கள் வந்து என் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். நாங்கள் வீட்டை விற்கப் போகிற சேதி தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். "அழாதீங்கடீ, நான் எங்கயும் போகல" என்றேன். அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதார்கள்.

கோபுரத்தின் மேலே உபதேசியார் மதலேன், எச்சரிக்கை மணி அடிப்பதற்காகக் கயிற்றோடு நின்றிருந்தார். கண்ணில் புரை. கடற்கரையிலிருந்து வெள்ளையாக வருவதைப் பார்த்தார். எச்சரிக்கை மணியை மறந்தார். துக்கமணி அடித்தார். ஒன்று. நிறுத்தி, இன்னொன்று.

"யாருடீ செத்தா?" என்றேன் நான்.

இரண்டு பெண்களும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முன்னால் போன பிரகாசி திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குள் பலகை கோயில் பக்கம் திரும்பிவிட்டது.

"எங்க வீட்டுக்குப்பா! வீட்டுக்கு!" என்று கத்தினேன்.

"மொதல்ல கோயிலுக்குத்தாம்மா. தைரியமா இருங்க" என்றார் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். படிக்கட்டுக்குக் கீழே, தெருவில், பலகையை மெதுவாக இறக்கி வைத்தார்கள். பங்குச்சாமி தீர்த்தச் செம்போடு வந்துவிட்டார். கூட்டம் சுற்றி நின்றது. நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்து விரிப்பை ஒரே இழுப்பில் உருவினேன்.

மஞ்சளாகப் படுத்திருந்தது பலகை.

 பங்குச்சாமிதான் முதலில் கேட்டார், "எமரென்சியா, யாரு இது?"

"ஒம்பதடி மெத்தைப் பலகை சாமி. பேரவைத் தீர்மானப்படி."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது, பின்னால் நாலு பேர் திட்டினார்கள், தோள் கொடுத்தவர்கள் தோளைத் தடவிக்கொண்டார்கள், அழுத பெண்கள் தங்கள் அழுகையைத் திருப்பிக் கேட்கிற முகத்தோடு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பிரகாசி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"யக்கா. அங்க பாருங்க."

தெருவின் நடுப்பாதியில், எங்கள் வீட்டு வாசலை விட்டிறங்கி, கஸ்மீர் ஓடிவந்துகொண்டிருந்தார். செருப்பில்லை. சாரம் மடித்துக் கட்டியிருந்தது. துக்கமணி கேட்டிருக்கிறது, கடற்கரையிலிருந்து வருகிறது என்று யாரோ ஜன்னலில் சொல்லியிருக்கிறார்கள், கடற்கரைக்குப் போனவள் நான். மூன்று வாரமாக வாசல்படி தாண்டாத மனுஷர், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், நடுத்தெருவில் எந்தக் கயிற்றுக்கும் எட்டாத இடத்தில், "எமரீ! எமரீ!" என்று கத்திக்கொண்டு வந்தார்.

என் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டு முனகியது. மணி நாலு. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.

கூட்டம் சிதறிக் கயிறுகளைப் பிடித்தது. "போங்க! உள்ள போங்க!" என்று நான் கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை, நான் உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நடுத்தெருவில் சிலையாக நின்றுவிட்டார். கூப்பிட்டு ஆகாது, ஓடி எட்ட முடியாது. அலை ஓடுகிற வேகத்துக்கு ஓடக்கூடியது அந்தத் தெருவில் ஒன்றுதான் இருந்தது. குப்புற விழுந்தேன் பலகையில். சேலை முழங்காலுக்கு ஏறியது, ஏறட்டும். தரை எனக்குப் பின்னால் புடைத்தது, வால் எழும்பியது, மூக்கு தாழ்ந்தது, கையை ஊன்றி ஒரே தாவலில் காலைக் கொண்டுவந்தேன்.

நின்றேன்.

எழுபத்து நாலு கிலோவும் நின்றது. இரண்டு பக்கமும் வீடுகள் எழுந்து எழுந்து எனக்கு வழிவிட்டன, மாடியில் காய்ந்த துணி கையாட்டியது, டீக்கடைக்காரர் தம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு "மதினீ!" என்றார், சூசை கத்தியை மடக்க மறந்து வாயைப் பிளந்தார், ஆடுகள் தாண்டின, கோழிகள் உருண்டன, நான் கையை விரித்துக்கொண்டு, ஒரு கயிற்றையும் பிடிக்காமல், நடுத்தெருவில் ஒரு ராணிபோலப் போனேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும், ஆனால் உண்மையில் "தள்ளு, தள்ளு, தள்ளு" என்று கத்திக்கொண்டுதான் போனேன்.

தள்ளவேண்டிய ஒரே ஆள் தள்ளவில்லை. கஸ்மீர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பலகையைத் திருப்ப எனக்குத் தெரியாது. திரும்புவதற்கு உள்ளது இளஞ்சிவப்பு. நின்றபடியே கடைசிவரை போகவேண்டுமானால் அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போகலாம். அல்லது குனியலாம்.

குனிந்தேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அவர் மூட்டையாகப் பலகையின் முன்பக்கம் குப்புற விழுந்தார், பலகை ஆடியது, நான் முழங்காலில் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே மிச்சத் தெருவையும் போனோம். பாதி தூரத்தில் வாந்தி எடுத்தார். பிறகு தலையைத் தூக்கிக் கொஞ்சநேரம் முன்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

வேப்பமரத்தடியில் அலை அடங்கியது. இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

"நீ செத்துட்டேன்னு..." என்று ஆரம்பித்தார்.  முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாதியில உக்காந்துட்ட" என்றார்.

"ஆமா. ஒரு நாள் முன்னாலயே தோத்துட்டேன்."

"எங்க வரைக்கும் நின்ன?"

"நம்ம வீடு வரைக்கும்."

 அவர் மண்ணை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். பலகையையும் அமுக்கிப் பார்த்தார், நான் பார்த்த மாதிரியே, பெருவிரலால். "முன்னால பாத்துக்கிட்டே வந்தா கொமட்டல. கப்பல்ல புதுசா வாற பயலுகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கேன், கண்ணைத் திறந்து தூரமாப் பாருங்கலேன்னு" என்றார்.

"வீட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் படுத்தா எப்படித் தெரியும்?"

"வீட்டுக்குள்ள தூரத்துக்கு எங்க போக?"

பிரகாசியும் கூட்டமும் தெருவின் மறுகோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று எழுந்து பலகையைக் கக்கத்தில் இடுக்கப் பார்த்தேன். கை எட்டவில்லை. கஸ்மீர் எழுந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டினார். என்னிடம் கேட்காமலேயே வால் பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

நான் முன்னால், அவர் பின்னால். "மெதுவா. எடப்பக்கம் குழி" என்றார். கப்பலில் உத்தரவு கொடுக்கிற குரல், வருஷக்கணக்காகக் கேட்காதது. வீட்டு வாசலுக்கு வந்து, ஒன்பதடியை நடைக்குள் திருப்ப முடியாமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தபோது, அவர் சட்டைப் பையில் கைபேசி அடித்தது.

"உடன்குடிக்காரராத்தான் இருக்கும், நாளைக்கு வாறதைக் கேக்க" என்றேன்.  பலகையின் மூக்கை இன்னொரு தடவை நடைக்குள் திருப்பிப் பார்த்தேன்.

கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"பாத்தா தெரியலயா? ரெண்டு கையும் பலகையில இருக்கு" என்றார் கஸ்மீர். "நீ மூக்கைத் தூக்கு எமரி. இன்னும் கொஞ்சம். இப்ப உள்ள வா."